உடைந்தது கேமராவா, லென்ஸா? கல்லூரிக்குக் கிளம்பும் பிள்ளைக்கு எது வாங்கலாம்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களில் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கையில் இருக்கும் கேமராக்கள் பெரும்பாலும் நாலைந்து மாடலுக்குள் அடங்கிவிடும். கேனனில் 700டி, 1300டி, 200டி. நிக்கானில் டி3400, டி5300. எதுவாக இருந்தாலும் கூடவே பெட்டியில் வந்த 18-55 மி.மீ. ‘கிட்’ லென்ஸ். பள்ளி விளையாட்டுப் போட்டி, மாரியம்மன் கோயில் தீமிதி, சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள் என்று சில வருடம் உழைத்துவிட்டு, சரியாகப் பதிவு நாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மோட்டார் கூடையிலிருந்து விழும். இல்லையென்றால் செம்பனைக் காட்டில் படம் எடுக்கப் போன இடத்தில் மழையில் நனையும்.

உடனே வீட்டில் மூன்று கட்சி. புதுசு வாங்கித் தவணை கட்டலாம் என்பது ஒன்று, கடையில் கொடுத்துச் சரி செய்யலாம் என்பது இன்னொன்று, போனே போதும் என்பது மூன்றாவது. மூன்றிலும் நியாயம் உண்டு. ஆனால் எந்தப் பாகம் போனது, பிள்ளை எந்தப் படிப்புக்குப் போகிறது என்ற இரண்டும் தெரியாமல் முடிவெடுத்தால் மூன்றுமே தப்பாகப் போகும். எங்கள் கட்சி இது: முதலில் லென்ஸைச் சந்தேகப்படுங்கள். அடுத்து, இருக்கும் லென்ஸ் பொருந்துகிற பழைய பாடியை (லென்ஸ் நீங்கலான கேமரா உடலை) பாருங்கள். புதிய மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா; மேலே சொன்னவை எல்லாம் கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர்), படிப்பிலேயே வீடியோ வேலை இருந்தால் மட்டும்.

எது போனது என்று கண்டுபிடிக்க

இதற்கு ஒரு மணி நேரம் போதும். வேண்டியது அதே வகை லென்ஸ் இன்னொன்று. ஊரில் கல்யாணப் படம் எடுக்கும் யாராவது ஒரு அண்ணனிடம் பத்து நிமிடம் இரவல் கேட்கலாம்.

கேனன் திரையில் ‘எர்ர் 01’ வந்தால் பாடிக்கும் லென்ஸுக்கும் இடையே பேச்சு அறுந்துவிட்டது என்று பொருள். லென்ஸின் பின்பக்கம் இருக்கும் பொன்னிறப் புள்ளிகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான துணியால் துடைத்துப் பாருங்கள். பென்சில் அழிப்பானால் தேய்க்கச் சொல்லும் காணொளிகள் நிறைய இருக்கின்றன. அந்தத் துகள் உள்ளே விழுந்து, படத்தைப் பதியும் சென்சாரில் போய் உட்காரும். துடைத்தும் போகவில்லையென்றால் மோட் டயலை ஏவி-யில் (ஒளித்துளை அளவான எஃப் எண்ணை நாமே வைக்கும் முறை; எண் சின்னதானால் துளை பெரிது) வைத்து, லென்ஸை 18 மி.மீ.க்குத் திருப்பி, எஃப்/3.5-இல் (உங்கள் லென்ஸ் எஃப்/4-இல் தொடங்கினால் எஃப்/4-இல்) ஒரு படம் எடுங்கள். பிறகு எஃப்/11 வைத்து இன்னொன்று. முதல் படம் விழுந்து இரண்டாவதில் எர்ர் 01 வந்தால், லென்ஸுக்குள் அப்பர்சர் (ஒளித்துளை) இதழ்களுக்குப் போகும் மெல்லிய நாடா வயர் அறுந்திருக்கிறது. ஜூம் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த நாடா மடங்கி நிமிர்கிறது. விழாமலேயேகூட ஒருநாள் அறும். பாடிக்கு ஒன்றும் இல்லை. பழைய 18-55 ஒன்று சில நூறு வெள்ளிக்குள் கிடைக்கும், கதை அத்தோடு முடிந்தது.

எர்ர் 02 என்றால் மெமரி கார்டு. வேறு கார்டு போட்டுப் பாருங்கள். எர்ர் 20, எர்ர் 30 இரண்டும் கண்ணாடி, ஷட்டர் (ஒளியைத் திறந்து மூடும் திரைகள்) பக்கத்துக் கோளாறு. இங்கேதான் செலவு தொடங்குகிறது. எர்ர் எதுவும் காட்டாமல் மெல்ல மெல்ல சாகும் ஷட்டரும் உண்டு. வெள்ளைச் சுவரைப் பார்த்து 1/60 நொடியில் ஒன்று, 1/4000-இல் ஒன்று எடுத்து ஒப்பிடுங்கள். வேகமான படத்தில் மேல் ஓரமோ கீழ் ஓரமோ கருத்திருந்தால் ஷட்டர் திரைகளில் ஒன்று பின்தங்குகிறது.

கேமரா உயிரே இல்லாமல் கிடந்தால் பயப்படுவதற்கு முன் பேட்டரி மூடியைப் பாருங்கள். கேனனில் அந்த மூடியின் ஓரத்தில் நகத்துணுக்கு அளவு பிளாஸ்டிக் நாக்கு ஒன்று இருக்கும். மூடியைச் சாத்தும்போது அது உள்ளே ஒரு சிறிய விசையை அழுத்தும். அழுத்தினால்தான் கேமரா எழும். விழுந்ததில் நாக்கு ஒடிந்திருந்தால் மொத்தக் கேமராவும் செத்ததுபோலக் கிடக்கும். பேட்டரியைப் போட்டுவிட்டு, பல்குச்சியால் அந்த விசையை அமுக்கிக்கொண்டே சுவிட்சைப் போடுங்கள். எழுந்தால் மூடியை மட்டும் மாற்றினால் போதும். இதைத் தெரியாமல் புதுக் கேமரா வாங்கியவர்கள் உண்டு.

விழுந்த பிறகு படத்தில் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால், தரை ஓடு பதித்த சுவரை நேராக நின்று எடுங்கள். லென்ஸ் மாற்றினால் மங்கல் போகிறதா? லென்ஸுக்குள் கண்ணாடி இடம் மாறியிருக்கிறது. வேறு லென்ஸிலும் அதே பக்கம் மங்கினால் பாடியின் வாய் (லென்ஸ் மாட்டும் வளையம்) வளைந்திருக்கிறது. அதை இனி நம்பாதீர்கள். ஒரு விஷயம்: கிட் லென்ஸைப் பாடியில் மாட்டும் பிளாஸ்டிக் பல் உடைந்திருந்தால் அது நல்ல செய்தி. அடியை அது வாங்கிக்கொண்டு பாடியைக் காப்பாற்றியிருக்கும்.

தண்ணீரில் நனைந்ததென்றால் கணக்கே வேறு. பேட்டரியைக் கழற்றுங்கள், கார்டை எடுங்கள், ‘ஓடுகிறதா’ என்று போட்டுப் பார்க்காதீர்கள். அரிசிக்குள் புதைப்பதால் அரிசித் தூசிதான் உள்ளே போகும். உள்ளே இருக்கும் ஈரம் அப்படியே இருக்கும். மழைநீர் என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் பழுது பார்ப்பவர் திறந்து, போர்டை ஆல்கஹாலில் கழுவினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆற்றுச் சேறு என்றால் பாதி வாய்ப்பு. பங்கோர், தெலுக் பாத்தேக் போய் கடல்நீரில் விழுந்தது என்றால் அந்தப் பாடியை மறந்துவிடுங்கள். கழுவிச் சரி செய்து கொடுத்தாலும் உப்பு சில மாதத்தில் வேலையைக் காட்டும். வீட்டில் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் உள் பிளாஷின் கப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். பெரிய சாலையில் இருக்கும் போன் பழுதுக்கடைத் தம்பி திறந்து தர முன்வருவார். போன் திரை மாற்றும் கை வேறு, ஷட்டர் மாற்றும் கை வேறு. கேமராவுக்கென்று இருக்கும் ஆளைத் தேட ஈப்போ போவதுதான் சரி, அரை மணி நேரப் பயணம்தானே.

படிப்பு என்ன கேட்கிறது

ஈப்போ உங்கு ஓமார் போலிடெக்னிக்கில் பொறியியல், எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் கணக்கியல், தாதிமை, மெட்ரிகுலேஷன்: இவற்றுக்குக் கேமரா தேவையில்லை. பிள்ளைக்கு ஆசை இருக்கிறது, அதுவும் நியாயமான காரணம்தான். ஆனால் அந்த ஆசைக்கு மடிக்கணினிப் பணத்தை எடுக்கக்கூடாது. பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன் பணம் பெரும்பாலும் பதிவு நாளன்று கைக்கு வராது என்பதையும் மனத்தில் வையுங்கள். முதல் சில வாரத்துச் செலவெல்லாம் வீட்டுப் பணம்தான்.

இதழியல், விளம்பரம், ஒளிபரப்பு, திரைக்கலை, வரைகலை என்றால் பேச்சு மாறும். கம்பார் யூடார் பல்கலைக்கழகம் போகிறதோ பினாங்கு யூ.எஸ்.எம். போகிறதோ, சீனியர் ஒருவரைப் பிடித்து மூன்று கேள்வி கேளுங்கள். முதல் செமஸ்டரிலேயே கேமரா வேண்டியிருக்குமா? துறையில் இரவல் தருகிறார்களா, தந்தால் எத்தனை நாளுக்கு? பயிற்சிப் பணிகள் படமா, வீடியோவா? பல இடங்களில் முதல் செமஸ்டர் முழுக்க எழுத்தும் கோட்பாடும்தான். அப்படியென்றால் அந்த நாலு மாதத்தை விட்டுவிட்டு, சக மாணவர்கள் என்ன பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து வாங்குவது எவ்வளவோ மேல். ஒரே கேமரா வகை வைத்திருக்கும் நண்பர்கள் லென்ஸ், பேட்டரி, பிளாஷ் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். விடுதி வாழ்க்கையில் அது சின்ன லாபமில்லை.

பழுது பார்ப்பது எப்போது கட்டும்

கணக்கு எளிது. அதே மாடல் பழையதாக இன்று என்ன விலைக்குப் போகிறது என்று கேரோசல், முடா இணையச் சந்தைகளிலும் பேஸ்புக் குழுக்களிலும் பாருங்கள். கேட்கும் விலையை விட்டுவிடுங்கள். விற்றுப்போன விலைதான் கணக்கு. பழுதுச் செலவு அதில் பாதியைத் தாண்டினால் வேண்டாம். 1300டி-க்கு ஷட்டர் மாற்றுவது ஏறக்குறைய எப்போதும் நட்டம். ஒரு படி மேலான கேனன் 80டி-க்கு மாற்றுவது பெரும்பாலும் லாபம். மூடி, சார்ஜர், கார்டு வாய், 200டி-யின் மடக்குத் திரைக்குப் போகும் நாடா வயர் ஆகியவை தயங்காமல் சரி செய்யக்கூடியவை. மெயின் போர்டு, சென்சார் கீறல், வளைந்த வாய் ஆகியவை தயங்காமல் கைவிடக்கூடியவை.

திரை மட்டும் உடைந்த டிஎஸ்எல்ஆரை அப்படியே சில மாதம் ஓட்டலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. வியூபைண்டரில் கண்ணை வைத்துப் பார்த்து எடுக்கலாம், 200டி-யில் வைஃபை வழியாகப் போனிலேயே படத்தைப் பார்க்கலாம். வியூபைண்டர் இல்லாத மிரர்லெஸ்ஸில் திரை போனால் கேமராவே போன மாதிரி.

நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். உதிரிப்பாகம் வரவழைக்க வேண்டியிருந்தால் வாரக்கணக்கு ஆகும். பதிவு நாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கொடுத்துவிட்டு, பிள்ளை ஒரு ஊரிலும் கேமரா இன்னொரு ஊரிலுமாக நிற்க வேண்டாம். விலை கேட்கும்போது, திறந்து பார்க்கும் கட்டணம் எவ்வளவு, சரி செய்யாமல் திரும்ப வாங்கினால் அது உண்டா, மாற்றிய பாகத்துக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

அதே வகையில் பழைய பாடி

லென்ஸ் நன்றாக இருந்து பாடி மட்டும் போயிருந்தால் இதுதான் எங்கள் முதல் தேர்வு. காரணம் பேட்டரிதான். 200டி-க்கு எல்பி-இ17, 700டி-க்கு எல்பி-இ8, 1300டி-க்கு எல்பி-இ10. ஒன்று மற்றதில் போகாது. அதே மாடலை வாங்கினால் கையில் இருக்கும் இரண்டு பேட்டரி, சார்ஜர், லென்ஸ் எல்லாம் அன்றைக்கே ஓடும். செத்த பாடியையும் தூக்கிப் போடாதீர்கள். திரையும் மூடியும் நன்றாக இருந்தால் ‘பாகத்துக்கு’ என்று போட்டு விற்கலாம்.

இன்னொரு பாதை, ஒரு படி மேலே ஏறிப் பழைய டிஎஸ்எல்ஆர் வாங்குவது: கேனன் 80டி (2016), நிக்கான் டி7200 (2015). கேனனும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் எதுவும் வெளியிடவில்லை. கல்யாணப் படக்காரர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருப்பதால் இவை சந்தைக்கு வந்தபடி இருக்கின்றன. மூன்று நாலு வருடப் படிப்புக்கு இவை தாராளமாகத் தாங்கும். 80டி-யில் மைக், ஹெட்போன் இரண்டுக்கும் துளை உண்டு, ஒரு சார்ஜுக்கு 960 படம் என்பது நிறுவனக் கணக்கு. எடை 730 கிராம். 200டி 453 கிராம்தான். பேருந்தில் போய்வரும் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தோளில் தெரியும். டி7200 படத்துக்கு அருமையான கருவி. வீடியோவில் அதன் போகஸ் முன்னும் பின்னும் அலையும், அதனால் ஒளிபரப்பு மாணவருக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

நிக்கானில் மாறுபவர்கள் இரண்டு இடத்தில் கால் இடறுவார்கள். டி3400, டி5300 பாடிகளுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது. மாமா வைத்திருந்த பழைய ஏஎஃப்-டி வகை (சொந்த மோட்டார் இல்லாத) லென்ஸ் பொருந்தும், தானாக போகஸ் ஆகாது. டி7200-இல் ஆகும். தலைகீழாக, டி3400-ஓடு வந்த ஏஎஃப்-பி வகை (உள்ளேயே புதுவகை மோட்டார் வைத்த) லென்ஸை டி3200, டி5100, டி90 போன்ற பழைய பாடிகளில் மாட்டினால் போகஸே வேலை செய்யாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய பாடிக்கு இறங்குவதற்கு முன் லென்ஸ் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

கேனன் 200டி-யின் அடுத்த பதிப்பான 200டி மார்க் 2 (2019) வாங்கலாமா என்று பலர் கேட்பார்கள். ஒரு சார்ஜுக்கு 1,070 படம், 4கே வீடியோ என்று நல்ல கேமரா. ஆனால் மேலே பிளாஷ் பொருத்தும் இடத்தில், பிளாஷை அடிக்கச் சொல்லும் நடு முள் இல்லாமல் செய்திருக்கிறார்கள். மற்ற நிறுவனங்களின் சாதாரண பிளாஷ், ஸ்டூடியோ டிரிக்கர் பல அதில் அடிக்காது. வரைகலை மாணவர் ஸ்டூடியோ விளக்கு பயன்படுத்துவார் என்றால் இது தெரியாமல் வாங்கிவிடக்கூடாது.

புதிய மிரர்லெஸ்

கிட் லென்ஸோடு புதிதாக வாங்க ஏறக்குறைய இரண்டாயிரம் வெள்ளியில் தொடங்கி மேலே போகும். அந்த விலைப் பக்கம் பெரும்பாலும் பேசப்படுபவை கேனன் ஆர்100, ஆர்50 (இரண்டும் 2023), சோனி இசட்வி-இ10 (2021).

ஆர்100 விலைக்காகவே பிறந்தது. திரை மடங்காது, தொட்டாலும் வேலை செய்யாது. 4கே வைத்தால் காட்சி ஓரங்கள் வெட்டுப்பட்டு, கேனனின் நல்ல போகஸ் முறையும் அணைந்துவிடும். படம் மட்டும் எடுப்பவருக்குப் பரவாயில்லை. இதைப் புதிதாக வாங்குவதற்குப் பதில் நல்ல நிலையில் உள்ள 80டி வாங்கலாம் என்பது எங்கள் எண்ணம். புதுப்பெட்டி வாசனை வேண்டும் என்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆர்50 வேறு தரம். வெட்டில்லாத 4கே, முகத்தையும் கண்ணையும் விடாமல் பிடிக்கும் போகஸ், மடக்குத் திரை, 375 கிராம். பிளாஷ் பொருத்தும் இடம் புதுவகை என்பதால் பழைய பிளாஷுக்கு ஏடி-இ1 என்ற இணைப்பான் தனியாக வாங்க வேண்டும். 200டி வைத்திருந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஆர்50, ஆர்100 இரண்டும் அதே எல்பி-இ17 பேட்டரிதான். பழைய லென்ஸ்களும் இஎஃப்-இஓஎஸ் ஆர் இணைப்பான் வழியாக முழு போகஸோடு ஓடும். அதனால் பாடியை மட்டும் வாங்கி இணைப்பானையும் சேர்த்தால் கிட் விலையை ஒட்டித்தான் வரும், லென்ஸ் பெட்டி காலியாகாது.

இசட்வி-இ10 வீடியோ மாணவர்களின் செல்லம். மைக், ஹெட்போன் துளை இரண்டும் உண்டு, மற்ற நிறுவனங்களின் மலிவான லென்ஸ்களும் ஏராளம். வியூபைண்டர் இல்லை. நடுப்பகல் தைப்பூச வெயிலில் கல்லுமலைக் கோயில் வாசலில் நின்று காவடியைப் படம் எடுத்துப் பாருங்கள். திரையில் உங்கள் முகம்தான் தெரியும்.

புது கிட் லென்ஸ்கள் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. ஆர் வரிசையின் 18-45 லென்ஸ் அகலப் பக்கத்தில் எஃப்/4.5-இல் தொடங்குகிறது. பழைய 18-55-களில் பலவும் எஃப்/3.5. கணக்குப் போட்டால் புதியது பழையதில் 60 விழுக்காடு ஒளியைத்தான் உள்ளே விடுகிறது. பாடி புதிதாகி லென்ஸ் இருட்டாகிப் போகும். கோயில் கருவறை, மண்டப மேடை, விடுதி அறை என்று இந்த வயதில் எடுக்கும் படமெல்லாம் வெளிச்சம் குறைந்த இடத்தில்தான். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்று, கிட் லென்ஸின் எஃப்/5.6-ஐ விட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி தரும். பழைய பாடி + எஃப்/1.8, புதிய பாடி + கிட் லென்ஸ் இரண்டையும் ஒரே மண்டபத்தில் வைத்து எடுத்தால் எந்தப் படம் நன்றாக இருக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

தவணை வாங்குபவர்கள் மாத வட்டியை வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். மாதம் 1.5 விழுக்காடு என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் 2,400 வெள்ளிக்கு 12 மாதத்தில் 432 வெள்ளி கூடும். கிட்டத்தட்ட ஒரு பழைய 50 மி.மீ. லென்ஸ் விலை.

போன் போதுமா

பகல் வெளிச்சம், வகுப்பு விளக்கப்படம், சமூக ஊடகம் என்றால் போதும். நடுத்தர விலைப் போன்களில் இருக்கும் 1/2 இன்ச் வகை சென்சார் ஏறக்குறைய 6.4க்கு 4.8 மி.மீ.; மேலே சொன்ன கேனன்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற அளவுச் சென்சார் 22.3க்கு 14.9. பரப்பில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். தீமிதி இரவில் போன் பல படங்களை அடுக்கி ஒன்றாக்கி இருட்டைச் சமாளிக்கும். ஆடும் ஆள் அதில் பேய் மாதிரி இரட்டையாக வருவார். அப்பர்சரை மாற்றி எடுத்துக் காட்டு என்று விரிவுரையாளர் பயிற்சி கொடுத்தால் போனில் செய்ய வழியே இல்லை, பெரும்பாலான போன்களில் அப்பர்சர் அசையாது.

வீடியோ வேலை என்றால் போனோடு ஒரு நல்ல காலர் மைக் வாங்குவது, மோசமான கேமரா வாங்குவதைவிட மதிப்பெண் தரும். 1300டி-யில் மைக் துளையே கிடையாது. 700டி, 200டி-யில் உண்டு. உருமி மேளம் பதிவு செய்பவர்கள் ஒலி அளவைத் தானியங்கியில் விடாதீர்கள். அடி விழும்போது கருவி ஒலியைக் கீழே இறக்கும், இடைவெளியில் மேலே ஏற்றும், பதிவு முழுக்க மூச்சு வாங்குவதுபோல் கேட்கும். கையால் இறக்கி, மிகப் பலமான அடியிலும் அளவுகோல் சிவப்பைத் தொடாத இடத்தில் நிறுத்துங்கள்.

பழையதை வாங்கப் போகும்போது

சொந்த லென்ஸ், சொந்த கார்டு, முடிந்தால் மடிக்கணினி எடுத்துப் போங்கள். வெளிச்சமான பொது இடத்தில் சந்தியுங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் கிளம்பி வந்துவிடுங்கள்.

வெளித்தோற்றம் பொய் சொல்லும், பிளாஷ் பொருத்தும் தகடு பொய் சொல்லாது. அங்கே பெயின்ட் தேய்ந்து வெள்ளி மின்னினால் அந்தக் கேமரா கல்யாண வேலை செய்திருக்கிறது. கைப்பிடி ரப்பர் வெள்ளை பூத்தோ பிசுபிசுத்தோ இருந்தால் ஈரத்தில் கிடந்திருக்கிறது. அப்படிப்பட்ட பாடியோடு வரும் லென்ஸைப் பின்பக்கமிருந்து போன் விளக்கு அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளை பரப்பியிருந்தால் பூஞ்சை. முன் கண்ணாடியில் என்றால் சுத்தம் செய்யலாம், ஒட்டிய இரு கண்ணாடிகளுக்கு நடுவே என்றால் முடியாது. கிட் லென்ஸில் பூஞ்சை என்றால் சுத்தம் செய்யும் கூலிக்கே இன்னொன்று வாங்கலாம்.

எஃப்/22 வைத்து வானத்தை எடுத்தால் சென்சார் தூசி கரும்புள்ளியாகத் தெரியும். தூசி போகும், ஒரே இடத்தில் இருக்கும் கோடு போகாது. லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு அளவு) 100-இல் 30 நொடி எடுத்தால் பழுதான புள்ளிகள் வண்ணத்தில் மின்னும். ஷட்டர் எண்ணிக்கையை நிக்கான் படக் கோப்பிலேயே எழுதி வைக்கும், அதைப் படிக்க இலவசச் செயலிகள் உண்டு. கேனனின் இந்த மாடல்களில் கம்பி இணைத்து மென்பொருளில் பார்க்க வேண்டும். 80டி ஷட்டருக்கு 1,00,000, டி7200-க்கு 1,50,000 என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. அதைத் தாண்டியும் ஓடும், ஆனால் பாதிக்கு மேல் போயிருந்தால் விலையில் தெரிய வேண்டும். மேலே சொன்ன வெள்ளைச் சுவர்ச் சோதனையை இங்கேயும் செய்யுங்கள், ஒரு நிமிட வேலை.

‘ஜப்பான் செட்’ என்று விற்கும் சோனி கேமராக்களின் மெனுவில் ஜப்பானிய மொழி மட்டும்தான் இருக்கும், மாற்ற முடியாது. புதிதாக வாங்கும்போது ‘ஏபி செட்’ (கடைக்காரரே வெளிநாட்டிலிருந்து இறக்கியது) என்றிருந்தால் மலேசிய நிறுவன உத்தரவாதம் கிடையாது, கடைக்காரர் உத்தரவாதம் மட்டுமே. இணையக் கடையில் வாங்கினால் ‘பொருள் கிடைத்தது’ பொத்தானை எல்லாச் சோதனையும் முடிந்த பிறகே அழுத்துங்கள். கடை வைத்திருக்கும் கெடு முடியாத வரை, அதுவரை பணம் விற்பவர் கைக்குப் போகாது. வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. மலிவான பேட்டரி, இணைப்பான் வாங்கும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள். கடை ஏமாற்றிவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே வைக்கலாம். ஆனால் அது வியாபாரியிடம் வாங்கியதற்கு. பேஸ்புக்கில் தனியாள் ஒருவரிடம் வாங்கியதற்கு அந்தக் கதவு திறக்காது. அதனால்தான் அந்தச் சோதனையெல்லாம்.

கார்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். போலிக் கார்டு 128 ஜிபி என்று காட்டிவிட்டு 8 ஜிபி நிரம்பியதும் படத்தை விழுங்கும். வாங்கிய அன்றே கணினியில் முழுக்க நிரப்பிப் பார்த்துவிடுங்கள். 64 ஜிபி போதும். 24 மெகாபிக்சல் ரா (பதப்படுத்தாத மூல) கோப்புகள் ஏறக்குறைய 2,000 கொள்ளும்.

விடுதி அறையில்

புதுசோ பழசோ, நம் ஊர் ஈரத்தில் அலமாரிக்குள் துணியோடு வைத்தால் பூஞ்சை வரும். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும் இடமெல்லாம் அதற்கு விருந்து. கேமராப் பையும் ஆபத்துதான், பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைக்கும். மின்சார டிரை கேபினட் நல்லது, ஆனால் பல விடுதிகளில் மின்சாதனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ரப்பர் விளிம்பு வைத்த 10 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, 250 கிராம் சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரமானி: அவ்வளவுதான் தேவை. முள் 40-க்கும் 50-க்கும் இடையே நிற்கட்டும்; 30-க்குக் கீழே இறங்கினால் ரப்பரும் மசகும் காயும், கொஞ்சம் ஜெல்லை வெளியே எடுங்கள். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கும், ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். நிறம் மாறியதும் லீவில் வீட்டுக்கு வரும்போது எடுத்து வந்து, ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். மழையில் போய்வந்த அன்று கேமராவை உடனே பெட்டிக்குள் அடைக்காமல், மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மூடுங்கள்.